மெழுகில் நின்ற ஆள்

திருவண்ணாமலையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் ஏரி, கோயில் குளம், கிரிவலப் பாதையில் விற்கிற பாட்டில், அவ்வளவுதான். அந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து கப்பல் கட்டினார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அந்த நாலில் ஒருவன் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. அடுத்த வருஷமே கணக்குப் பாடமும் நானும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்து பிரிந்துவிட்டோம். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். அதனால் இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது என் சொந்தச் சம்பாத்தியம்.

கப்பல் என்றால் ஏறிப் போகிற கப்பல் இல்லை. மேஜைமேல் வைத்துப் பார்க்கிற கப்பல். தேரடி பக்கம் ஒரு பாய் போட்டோ பிரேம் கடை வைத்திருந்தார். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம் எல்லாவற்றுக்கும் ஒரே பொறுமையோடு சட்டம் அடிப்பார். அறுத்தபிறகு விழுகிற மரத்துண்டுகளைக் குப்பையில் போட மனசு வராமல் பாய்மரக் கப்பல் செய்ய ஆரம்பித்தவர், கடைசியில் கப்பலுக்கு மரம் வேண்டுமே என்று பிரேம் அடிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். இரண்டாவது ஆள் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த ஒரு சார். பழைய ஃபைல் அட்டைகளில் போர்க்கப்பல் கட்டுவார். மூன்றாவது, என் அப்பாவின் தங்கை, என் அத்தை. நான்காவது நான். கத்தியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. அப்போது அவரவர் கப்பலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவோம். பாய் ஒரு சட்டம் வைத்திருந்தார், மரச்சட்டம் இல்லை, பேச்சுச் சட்டம். யார் கப்பலைப் பார்த்தாலும் முதலில் ஒரு நல்லது சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் குறை. அந்தக் குறையையும் குறை என்று சொல்லக்கூடாது. "அலை கம்மி" என்று சொல்ல வேண்டும். ஒருவர் கப்பலின் மூக்கு கோணலாக இருந்தால், "பெயின்ட் அருமை, மூக்குல மட்டும் அலை கம்மி" என்பார்கள். கோணல் மூக்கோடு வந்தவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போய் மூக்கை அறுத்து மறுபடி ஒட்டுவார்.

என் கப்பல் ஒரு பழைய ரப்பர் செருப்பு. அதில் மூன்று ஐஸ் குச்சி நட்டு, சிவப்புப் பெயின்ட் ஒரு டப்பா முழுக்க ஊற்றியிருந்தேன். பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பெயின்ட் விஷயத்துல இவன் மனசு பெருசு" என்றார். பிறகு தயங்கி, "அலை கம்மி" என்றார். நான் அதை அப்படியே நம்பி, அடுத்த வாரம் செருப்பைச் சுற்றி நீல மையால் அலை வரைந்து எடுத்துப் போனேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சார் அந்த நீலத்தைப் பாராட்டினார். அப்படிப்பட்ட மனுஷர்கள்.

அத்தை கட்டியது மற்ற இரண்டு பேரும் கட்டியது மாதிரிப் பொழுதுபோக்குக் கப்பல் இல்லை. மாமா வேலை பார்த்த கப்பல். அவர் முன்பு கிரிவலப் பாதையிலிருக்கிற எங்கள் அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானத்துக்குச் சமைத்தவர். ஆயிரம் பேருக்குப் பொங்கல் கிண்டுகிற கை என்று யாரோ சிபாரிசு செய்ய, சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லாததால் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நின்றால் மாமாவிடமிருந்து போட்டோவும் குரல் செய்தியும் வரும். அந்தப் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அத்தை கட்டினாள். எங்கே தூங்குகிறார், எங்கே நின்று வெங்காயம் அரிகிறார் என்று தெரிந்தால் போதும் என்பாள்.

கப்பல் முக்கால்வாசி முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சமையல்கட்டு ஜன்னலைப் பாராட்டினார். அதற்கப்புறம் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"ஆள் இல்லாத கப்பலுக்கு அளவு தெரியாதும்மா. ஒரு ஆளை நிறுத்து. அப்பதான் பாக்கறவனுக்குக் கப்பல் எம்மாம் பெருசுன்னு புரியும்."

எங்கே நிறுத்துவது என்று அத்தை கேட்டாள்.

"ஒட்டிடாத. மெழுகுல நிறுத்து. எங்க நிக்கணும்னு ரெண்டு மூணு நாள்ல அவரே சொல்வாரு."

அத்தை ஊதுபத்திக் குச்சியைச் சீவி மாமாவைச் செய்தாள். இரண்டு அரிசி உயரம். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் செம்புக் கம்பியில் ஒரு கரண்டி. காலுக்கடியில் துளி மெழுகு வைத்து, சமையல்கட்டு வாசலில் நிறுத்தினாள். கப்பல் டி.வி.க்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் இருந்தது. நான் சாப்பிடுகிற இடத்துக்கு நேர் எதிரே. எனக்குச் சாப்பாட்டில் கவனம் ஜாஸ்தி. இருந்தாலும் நாலாவது நாள் கவனித்துவிட்டேன். ஆள் வாசலில் இல்லை. வாசலுக்கு ஒரு விரல் தள்ளி நின்றார்.

மறுநாள் இன்னும் ஒரு விரல். நான் பள்ளிக்கூடப் பென்சிலை எடுத்து அவர் காலடியில் ஒரு புள்ளி வைத்தேன். அடுத்த நாள் காலை அந்தப் புள்ளி தனியாக இருந்தது. அவர் முன்னால் போயிருந்தார். ஒரு வாரத்தில் என் புள்ளிகள் கப்பலின் ஓரமாக வளைந்து போனதைப் பார்த்தபோது இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தேன். புகைபோக்கியை வலது கைப்பக்கமாகவே வைத்துக்கொண்டு ஆள் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டாம். மலையை வலது பக்கம் வைத்துப் பதினாலு கிலோமீட்டர் நடக்கிற கூட்டத்தை மாதாமாதம் வாசலில் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் சொன்னேன். சார் அறிவியல்பூர்வமாக விளக்கினார். ஷீட் போட்ட வீடு, மத்தியானச் சூட்டில் மெழுகு இளகும், ஃபேன் காற்றில் ஆள் வழுக்குவார். அப்படியானால் ஒரு நாளாவது இடது பக்கம் வழுக்க மாட்டாரா என்று கேட்டேன். சார் என் கேள்வியைப் பாராட்டினார். தன் கப்பலைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

அன்று சாயந்திரம் அத்தையின் போனில் மாமாவின் குரல் வந்தது. எங்கேயோ பெயர் வாயில் நுழையாத துறைமுகம். பின்னால் காற்று இரைந்தது. "நேத்து பௌர்ணமி இல்லியா? நம்மளுக்கு மலை எங்க இருக்குது இங்க. டெக்க பதினாலு சுத்து சுத்திட்டேன், கிலோமீட்டருக்கு ஒண்ணு" என்று சொல்லிச் சிரித்தார். நான் கப்பலைப் பார்த்தேன். ஆள் ஒரு முழுச்சுற்று முடித்துச் சமையல்கட்டு வாசலுக்கே வந்து நின்றிருந்தார்.

"அத்தை, நீயா நகத்தற?"

அத்தை வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நடக்கறவர நடக்க வுடுடா. நீ பென்சில வெச்சி மிரட்டாத" என்றாள். அது ஆமாமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்கவும் தைரியம் இல்லை. அன்றிலிருந்து டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். அது இன்னும் மோசம். முதுகுக்குப் பின்னால் யாரோ கரண்டியோடு நிற்கிற மாதிரியே இருந்தது.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிந்தேன். பழக்கதோஷத்தில் கப்பலைத் திரும்பிப் பார்த்தேன். டெக்கில் யாரும் இல்லை. ஸ்டூலுக்கு அடியில் தேடினேன், டி.வி.க்குப் பின்னால் தேடினேன். எறும்பு இழுத்துப் போயிருக்குமோ என்று சுவரோரம் எறும்பு வரிசையோடு கொல்லைப்புறம் வரை போனேன். அங்கே அப்பா, அம்மா, அத்தை, அக்கம்பக்கத்தவர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். என்ன கூட்டம் என்று கேட்கிற அறிவு இருந்தால் நான் ஏன் ஆட்டோ ஓட்டுகிறேன்? அத்தை முன்னால் போய் நின்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

"அத்தை, கப்பல்ல ஆளைக் காணோம்."

அப்பா காதில் போனை வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்த மாமாவின் அண்ணனுக்கு அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. போனைப் பிடித்த கையை இறக்காமலே மறு கையால் என் கன்னத்தில் ஒன்று விட்டார். அதற்கு முன்னும் பின்னும் அப்பா என்னை அடித்ததில்லை. அத்தை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை.

நடந்தது எனக்குத் துண்டுதுண்டாகத்தான் வந்து சேர்ந்தது. மாமா இரவுச் சாப்பாடு போட்டிருக்கிறார். காலையில் அடுப்பு பற்றவில்லை. கப்பல் முழுக்கத் தேடி, வந்த வழியே கப்பலைத் திருப்பி ஒரு நாள் முழுக்கக் கடலிலும் தேடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போன் செய்தார்கள். செய்தி வந்ததும் அத்தை நேராகப் போய் டெக்கிலிருந்த ஆளை எடுத்துவிட்டாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னதை அப்போது நான் கேட்கவில்லை. எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. பதினோரு வயது மூளைக்குக் கணக்கு இப்படி விழுந்தது: பொம்மை ஆள் தொலைந்துவிட்டார், பென்சிலோடு சுற்றியவன் நான், அதனால் அடி எனக்கு. வேறு ஆளைச் செய்து நிறுத்திவிட்டால் வீடு பழையபடி ஆகிவிடும்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் கொல்லைப்புறத்தில் இருந்தபோது வேலையில் இறங்கினேன். கத்தி கூடாது என்பது சட்டம். ஆகவே முழுத் தீக்குச்சி. உடம்புக்குச் சாக்பீஸ் குழைத்துப் பூசினேன். தலைக்கு மருந்து முனையே இருந்தது, அதை ஏன் கெடுப்பது என்று விட்டுவிட்டேன். அப்பாவின் டப்பாவிலிருந்து அவசரப் பசையை எடுத்தேன். மெழுகு வைத்தால்தானே ஆள் நடந்து தொலைகிறார்? இரண்டு சொட்டு விட்டுச் சமையல்கட்டு வாசலில் நிறுத்தி, ஆட்காட்டி விரலால் அழுத்திப் பிடித்தேன். ஆள் ஒட்டினார். என் விரலும் ஒட்டியது. கப்பலோடு ஊர்வலம் போக முடியாது என்பதால் பல்லைக் கடித்து இழுத்தேன். விரல் வந்தது, தோல் டெக்கில் தங்கிவிட்டது. எட்டி நின்று பார்த்தேன். அத்தை செய்த ஆளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாலு மடங்கு உயரத்தில் சிவப்புத் தலையோடு ஒரு சமையல்காரர் நின்றார்.

அத்தை கண்ணில் படக்கூடாது என்று அன்று சாயந்திரமே அம்மா கப்பலை ஒரு துண்டால் மூடிவிட்டாள். உள்ளே ஆள் நிற்பதை அவள் கவனிக்கவில்லை. காணாமல் போனதற்குத் தீட்டு உண்டா இல்லையா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று செய்தி வந்த அன்றே பூஜை அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருந்தாள். விளக்கு ஏற்றவில்லை. துண்டுக்கடியில் தீக்குச்சியின் தலை மட்டும் லேசாகப் புடைத்துக்கொண்டு நின்றது. போகும்போதும் வரும்போதும் அது என்னோடு திரும்புகிற மாதிரி இருக்கும்.

பத்தாம் நாள் பாயும் சாரும் வந்தார்கள். இரண்டு பேரும் சேரில் உட்கார்ந்தார்கள். முதலில் ஒரு நல்லது சொல்ல வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பாய் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். கடைசியில் சார்தான், ஜன்னல் வைத்த சமையல்கட்டு அத்தனை அழகு, அந்தக் கை இன்னும் இருக்கிறதல்லவா என்று ஏதோ சொன்னார். பாய் தலையை ஆட்டினார். அதற்குள் மாமாவின் அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அவர் உட்காரவில்லை.

"காணோம்னா காணோம்தான்மா. கடல்ல வுழுந்தவன் நடந்தா வருவான்? பதினாறாம் நாளே காரியத்த முடிச்சிடலாம். பொட்டு, பூ, எல்லாத்தையும் அன்னிக்கே எடுத்துடணும். இழுத்துட்டுப் போகக் கூடாது."

அப்பா தரையைப் பார்த்தார். அத்தை மெதுவாகத் தலையாட்டினாள். "நானே அவரக் கப்பல்ல இருந்து எறக்கி வெச்சிட்டேன்" என்றாள்.

அது என்ன கப்பல் என்று கேட்டுக்கொண்டே அவர் ஸ்டூலிடம் போய்த் துண்டை உருவினார். குனிந்து டெக்கைப் பார்த்தார்.

"எறக்கிட்டன்ற. நிக்கறானே?"

எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். பாய் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். ஆளைப் பார்த்தார், ஆளின் காலடியைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கட்டு போட்ட விரலை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அத்தையும் குனிந்து பார்த்தாள். அவளும் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் சாவியை வாங்கிப் பூஜை அலமாரியைத் திறந்தாள். குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள்.

"அது இல்லீங்க. அவரு இதுல இருக்காரு."

சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினாள்.

சிமிழில் குங்குமம் இருந்தது. குங்குமத்தின்மேல் கடுகளவில் இரண்டு மெழுகுப் புள்ளி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மாமாவின் அண்ணன் சிமிழைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார். பின்பக்கமாகவே இரண்டு அடி நடந்து வாசலில் செருப்பைத் தேடினார். "அப்ப பாத்துக்கலாம்" என்றார், யாரிடம் என்று தெரியாமல். பதினாறாம் நாள் அவர் வரவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அத்தை திறந்த சிமிழோடு அப்படியே நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது என் பக்கம் திரும்பியது. திரும்பும்போதே உதட்டோரம் ஏதோ மாறியது. அழுகையா, சிரிப்பா, எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தீக்குச்சி ஜெயித்துவிட்டது என்பதுதான். சிமிழில் ஆள் இல்லாமல் இருந்ததையும் நான் அத்தையின் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன். பொட்டை எடுக்க மனசில்லாமல் அவளே ஆளை எடுத்து ஒளித்துவிட்டு, ஊர் முன்னால் ஆள் இல்லாத சிமிழைத் திறந்து காட்டுகிறாள். நடிப்பென்றால் இதல்லவா நடிப்பு என்று உள்ளுக்குள் மெச்சி, அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

பாய் கிளம்பும்போது என் தலையில் கை வைத்தார். "கை நல்ல கைடா" என்றார். பிறகு குரலை இறக்கி, "அலைதான் ஜாஸ்தி ஆயிடுச்சி" என்றார்.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. மாமாவைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு தகவலும் இல்லை. அத்தை பொட்டோடும் பூவோடும்தான் இருக்கிறாள். பாவம் என்பவர்கள் உண்டு, திமிர் என்பவர்களும் உண்டு. விவரம் தெரிந்த வயதில் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. ஒரு தீக்குச்சியை நட்டு ஒரு மனுஷியை வாசலைப் பார்த்து உட்கார வைத்துவிட்டோமே என்று. ஆட்டோவில் மூன்று பேர் உட்கார்கிற சீட்டில் ஐந்து பேரை ஏற்றியபோதுகூட உறுத்தாத மனசு அது.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். கப்பலைத் துடைத்துக் கட்டிலில் வைத்தபோது அத்தை பக்கத்தில் இருந்தாள். தீக்குச்சி ஆள் அசையாமல் நின்றார். சாக்பீஸ் உதிர்ந்து போயிருந்தது. அவர் காலடியில் என் விரல்தோல் ஒட்டிய இடத்தைச் சுற்றி யாரோ மெல்லிய தூரிகையால் பச்சைக் கட்டம் வரைந்து, அதை டெக்கில் ஒரு கதவு மாதிரி ஆக்கியிருந்தார்கள். அத்தையின் தூரிகை. பார்த்ததும் நான் சொல்லிவிட்டேன். இந்த ஆளை ஒட்டியது நான்தான், மன்னித்துவிடு என்று.

அத்தை சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள்.

"உங்க மாமாவுக்கு எப்படா தலை செவப்பா இருந்துது? துண்ட எடுத்த அன்னிக்கே தெரியும். நீ தோலைக் கூட வுட்டுட்டுப் போயிருந்த." கொஞ்ச நேரம் டெக்கைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஆனா சிமிழத் தொறந்தப்பதான்டா எனக்கு ஒடம்பே ஆடிப் போச்சு. அப்புறம் உன் மூஞ்சியப் பாத்தேன். ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு. இவன்தான் எடுத்து ஒளிச்சி வெச்சிருக்கறான், அத்தைக்கு இன்னா ஆகப் போவுதுன்னு இந்தப் புள்ளைக்குப் புரிஞ்சிடுச்சின்னு நெனச்சிக்கினேன். ஒரு வார்த்தை உன்னக் கேக்கல. கேட்டா நீ குடுத்துடுவியேன்னு."

எனக்கு வாயில் வேடிக்கை வராத நாள் வாழ்க்கையில் ரொம்பக் கம்மி.

அத்தை கையை நீட்டினாள். உள்ளங்கை விரிந்திருந்தது. "போதும்டா. எனக்கும் வயசாவுது. அவர எங்க வெச்சிருக்கற, குடு."

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல். பூஜை அலமாரியின் சாவி அந்தப் பத்து நாளும் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. குங்குமச் சிமிழை நான் தொட்டதே இல்லை.